வண்டி திரும்பும் இடம்

ஸ்கைதி, பின்லாந்து
14 அக்டோபர் 2001

அண்ணா,

போனை எடுக்கிறாய். என் குரல் என்று தெரிந்ததும் மூச்சு மட்டும் விடுகிறாய். காசு கொடுத்து உன் மூச்சைக் கேட்க எனக்குக் கட்டுப்படியாகாது, அதனால் எழுதுகிறேன். நம் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மொட்டைமலை. ஆனால் இந்தக் கடிதம் ஹெல்சின்கி போய், ஒஸ்லோ போய், இரண்டு நாட்டு முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் லுக்தாவில் உன் கைக்கு வரும். பனிக்காலமாக இருந்தால் உன் லாரியிலேயே கொடுத்துவிட்டிருப்பேன்.

நான்கு நாட்டுச் சாலைக் கூட்டத்தில் உன்னைப் பற்றி நான் புகார் சொன்னதாக யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். நடந்தது இதுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பின்லாந்து, நார்வே, ஸ்வீடன், ஸ்காட்லாந்து என்று எல்லா ஊர் என்ஜினியர்களும் வந்திருந்தார்கள். ஆள் குறைந்த வடக்கு ஊர்களில் சாலையை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளத்தான் கூட்டம். ஸ்காட்லாந்துக்காரர் தன் ஊர்ச் சாலை வசந்தத்தில் கூழாகிற கதையைச் சொன்னார். கிரேடர் ஓட்டும் தொய்வோ என் பக்கம் சாய்ந்து, “நம்ம ஊர்ல பொறந்திருக்க வேண்டிய ஆளு” என்றார்.

கடைக்காரி என்று என்னையும் பேசச் சொன்னார்கள். சொன்னேன். மலை உச்சியில் காற்றடித்தால் பெரிய லாரியைத் திருப்ப முடியாது. அதனால் என் அண்ணன் நார்வேப் பக்கத்திலிருந்து பனி தள்ளிக்கொண்டு வருகிறவர், எல்லைக் கோட்டில் நிற்காமல் ஒன்பது கிலோமீட்டர் இறங்கி வந்து என் கடை வாசலில் வண்டியைத் திருப்புகிறார். எங்கள் ஊர் லாரி தெற்கிலிருந்து வந்து அதே வாசலில் திரும்பிவிடுகிறது. இதற்குப் பதிலாகக் கோடையில் தொய்வோவின் கிரேடர் எல்லை தாண்டி உங்கள் ஏரிவரைக்கும் சரளையைச் சீவிக் கொடுக்கிறது. என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான்.

எங்கள் மாவட்ட என்ஜினியர் ஹெல்வி பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். “இதுல யாரு கையெழுத்து போட்டிருக்காங்க?”

“கையெழுத்தெல்லாம் யாரும் போடலம்மா. வந்தா காபி குடுப்பேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் எழுந்தது சிரிக்க வைக்க இல்லை. போன மார்ச்சில் உன் லாரி எங்கள் பக்கத்துப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தபோது, வேறு நாட்டில் உனக்கு என்ன வேலை என்று இன்சூரன்ஸ்காரன் கையை விரித்தான் இல்லையா? அது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. எழுத்தில் வந்துவிட்டால் உனக்குக் கூலியும் உண்டு, காப்பீடும் உண்டு. ஜனவரியில் அடுத்த கூட்டம். வா.

வியாபாரி புத்தியும் இருக்கிறது, மறைக்கவில்லை. என் கடையில் சாமான் வாங்குவோரில் பாதிப் பேர் உன் ஊர்க்காரர்கள். அந்தச் சாலை உன் ஒருவன் இடுப்பை நம்பி இருக்கக் கூடாது.

ரவ்னா

லுக்தா, நார்வே
2 நவம்பர் 2001

ரவ்னாவுக்கு,

கடிதம் வந்தது. ஓரத்தில் ஈரம்.

பனியில் சாலையோரம் தெரிய பிர்ச் குச்சிகளை நட்டு முடித்துவிட்டேன், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். முதல் பனி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு உன் வாசலுக்கு வந்தேன். நீ சரக்கு எடுக்கப் போயிருந்தாய். கடைப்பெண் காபி கொடுத்தாள், தண்ணீராக.

கூட்டத்துக்கு வரமாட்டேன். யாரும் கேட்காதவரை இது யாருக்கும் தெரியாது. தெரியாததை யாரும் தடுக்க முடியாது. இப்போது நீ கேட்டுவிட்டாய். கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

இன்சூரன்ஸ் போனது என் பாடு. உன்னிடம் வந்து அழுதேனா?

இடுப்பு நன்றாக இருக்கிறது.

இஸ்ஸாத்

ஸ்கைதி
3 பிப்ரவரி 2002

அண்ணா,

கூட்டம் முடிந்தது. மேஜையில் உன் பெயரை அச்சடித்து ஓர் அட்டை வைத்திருந்தார்கள். அதன் பின்னால் காலி நாற்காலி. நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் தொய்வோ அந்த அட்டைக்கு முன்னால் ஒரு கப் காபியைக் கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் நாட்டுச் சாலையில் பொதுப்பணத்தில் வேலை செய்கிறவர் எங்கள் நாட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். நீ பதிவு செய்தால் அந்த ஒன்பது கிலோமீட்டரையும் உனக்கே விட வழி தேடுவதாக ஹெல்வி சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை. உன் சாலையில் தன் காரிலேயே மலைவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காகிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்து போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். மார்ச் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

பதிவு செய்யாவிட்டால் உன் லாரி எல்லையில் நிற்கும், எங்கள் லாரியும் எல்லையில் நிற்கும். காற்று அவ்விரண்டுக்கும் நடுவே பனியைக் கொண்டுவந்து கொட்டும். இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியையும் யோசி. உனக்கு ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸ் எங்கள் பக்கத்திலிருந்துதான் வரும். ஒரு மணி நேரம். உங்கள் கடற்கரை டவுனிலிருந்து வருவதற்குள் செத்தவனுக்குச் சடங்கே முடிந்துவிடும்.

நான் எங்கிருந்து வந்தவள் என்று உனக்குத் தெரியும். கைவண்டியில் மீன் விற்று இந்தக் கடையைப் போட்டவள். எந்தக் காகிதத்தைப் பார்த்தும் நான் பயந்ததில்லை. நீயும் பயப்படாதே. கையெழுத்து போடு.

ரவ்னா

லுக்தா
9 ஏப்ரல் 2002

ரவ்னாவுக்கு,

நீ அனுப்பியதை மாரெத் படித்துக் காட்டினாள். ஈஸ்டருக்கு வந்திருந்தாள். என் மகளுக்கு உங்கள் மொழி என்னைவிட நன்றாக வருகிறது.

முதல் பக்கத்தில் முதல் வரியிலேயே “வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்” என்று போட்டு, அதற்கு நேரே என் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். நம் அப்பா அந்த ஒன்பது கிலோமீட்டரில் கலைமான் மேய்த்தவர். அம்மா உன்னைப் பெற்றது அங்கே நாலாவது பாலத்துக்குக் கிழக்கே, கூடாரத்தில். அந்த மண்ணில் நான் வெளிநாட்டான் என்று நானே என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

மாரெத் “போட்டுருங்கப்பா, அது சும்மா ஒரு வார்த்தை” என்றாள். நீயும் அதைத்தான் சொல்வாய்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போட்டுவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்தின் கடைசிப் பனியை நேற்று தள்ளினேன். உன் வாசலில் இறங்கவில்லை. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஜன்னலில் நீ நின்றதைப் பார்த்தேன்.

இஸ்ஸாத்

ஸ்கைதி
28 டிசம்பர் 2002

அண்ணா,

மலை உச்சியில் எல்லைக்கு இரண்டு பக்கமும் லாரி திரும்ப வட்டம் போட்டுவிட்டார்கள். நீயும் பார்த்திருப்பாய். நல்ல அகலம், விளக்கு உண்டு, நான்கு நாட்டுக் கொடி போட்ட பலகை உண்டு. அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் லாரி போய் எங்கள் வட்டத்தில் திரும்புகிறது, உன் லாரி வந்து உன் வட்டத்தில் திரும்புகிறது. நடுவில் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லாத பனி. முதல் காற்றுக்கே மதில் மாதிரி எழும்பிவிட்டது. அதற்கப்புறம் உங்கள் ஊரிலிருந்து ஒரு கார்கூடக் கடைக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கென்று வாங்கிப்போட்ட பன்றித்தொடைகளை நாங்களே தின்றுகொண்டிருக்கிறோம். கடைப்பெண்ணை ஜனவரியோடு நிற்கச் சொல்லிவிட்டேன். அழுதாள்.

கிறிஸ்துமஸ் மறுநாள் பனிஸ்கூட்டரில் மலையேறி உன் வீட்டுக்கு வந்தேன். புகைபோக்கியில் புகை இருந்தது. தட்டினேன். கூப்பிட்டேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரி, உன் வாசலில் நின்று பிச்சைக்காரி மாதிரி கூப்பிட்டேன். காபியில் போட்டுத் தின்கிற பாலாடைக்கட்டி கொண்டுவந்திருந்தேன். படியில் வைத்துவிட்டு வந்தேன்.

உன் கொட்டகைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. எனக்குக் கண் இருக்கிறது.

ரவ்னா

லுக்தா
19 ஜனவரி 2003

ரவ்னாவுக்கு,

கொட்டகையில் லாரிக்குள் உட்கார்ந்திருந்தேன். நீ போன பிறகு வந்து பார்த்தேன். பாலாடைக்கட்டியை நரி பாதி தின்றிருந்தது. மீதியை நான் தின்றேன்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்பாய். திறந்திருந்தால் நீ உள்ளே வந்து மன்னிப்புக் கேட்டிருப்பாய், அல்லது என்னைத் திட்டியிருப்பாய். இரண்டும் எனக்கு வேண்டாம்.

வேறொன்று சொல்ல வேண்டும். போன வாரம் காற்று அடங்கியதும் மேலே போனேன். என் வட்டத்தில் திருப்பப்போகும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம். உங்கள் லாரி. இறங்கி ஏறிப் பார்த்தேன். அந்த டிரைவரும் அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தான். முப்பது வயதிருக்கும். மதில் மேல் நின்று சிகரெட் கொடுத்தான். நான் சொன்னேன், நீ அங்கிருந்து ஒரு தள்ளு தள்ளு, நான் இங்கிருந்து ஒரு தள்ளு தள்ளுகிறேன், வழி வந்துவிடும் என்று.

அவனுக்கு ஆசைதான். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். “பெரியவரே, வண்டியில பெட்டி வெச்சிருக்காங்க. நான் எங்க நிக்கிறேன்னு அதுக்குத் தெரியும். கோட்டைத் தாண்டினா ஆபீஸ்ல மணி அடிக்கும்.”

இருவரும் பனி தள்ளும் தகட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். வரும் வழியில் நினைத்துப் பார்த்தேன். அவன் வேலை போகும் என்று பயந்தான். எனக்கு என்ன பயம்? என் லாரியில் பெட்டிகூட இல்லை. நான் ஒருவனே தள்ளியிருக்கலாம். கோபத்தில் தள்ளவில்லை.

நான் தள்ளவேண்டிய தூரமும் இப்போது குறைந்துவிட்டது. அந்த வேலையை வருகிற இலையுதிர்காலத்திலிருந்து கடற்கரைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதையும் உன்னால் என்று நினைக்காதே. கொஞ்சம் உன்னால்தான்.

இஸ்ஸாத்

ஸ்கைதி
25 ஆகஸ்ட் 2003

அண்ணா,

பிப்ரவரியில் நீ படியில் விழுந்ததை எனக்கு மாரெத்தான் சொன்னாள், அதுவும் எல்லாம் முடிந்து பிழைத்துவிட்டாய் என்று தெரிந்த பிறகு. எங்கள் ஆம்புலன்ஸ் மலை உச்சிவரை வந்து மதிலைப் பார்த்து நின்றதாம். கடற்கரையிலிருந்து வேறொன்று வருவதற்குள் உன் கால் விரல்கள் உறைந்துவிட்டனவாம். ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிய மூன்று கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. இதற்கும் போடவேண்டாம், படித்தால் போதும்.

அந்த நான்கு நாட்டுத் திட்டத்தின் புத்தகம் தபாலில் வந்தது. வழவழப்பான தாள். அட்டையில் என்ன படம் தெரியுமா? உன் லாரி என் கடை வாசலில் நிற்கிறது. பக்கத்தில் நீ கப்பைப் பிடித்துக்கொண்டு முறைக்கிறாய். உள்ளே ஒரு பக்கம் முழுக்க, எல்லை தாண்டிய ஒத்துழைப்புக்கு நாமே எடுத்துக்காட்டு என்று போட்டிருக்கிறது. ஹெல்வியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தார். பிறகு சொன்னார், “ரவ்னா, இதக் காப்பாத்தத்தான் நாங்க எழுத ஆரம்பிச்சோம்.” பொய் சொல்லவில்லை அண்ணா. நானும் அதற்குத்தான் ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தவள் நான். முடிக்கவும் பார்க்கிறேன். அந்த ஒன்பது கிலோமீட்டர் மறுபடியும் டெண்டருக்கு வருகிறது. கடையின் பெயரில் நானே கேட்கப்போகிறேன். ஹெல்வியிடம் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். காற்றடிக்கும் நாளில் டிரைவர் தனக்குப் பாதுகாப்பான இடத்தில் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். எந்த நாடு என்று அந்த வரியில் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எழுதிக்கொண்டார்.

லாரியை விற்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். விற்காதே. என்னிடம் கொடு. வீட்டையும் விட்டுப் போகாதே. இந்தக் குளிர்காலம் நான் உன் வாசலுக்கு வருகிறேன்.

ரவ்னா

கடற்கரை டவுன், மாரெத் வீடு
30 ஆகஸ்ட் 2003

ரவ்னாவுக்கு,

நீ ஆஸ்பத்திரிக்கு எழுதியவை மூன்றும் என்னிடம் இருக்கின்றன. படுத்துக்கொண்டு எழுதவரவில்லை, அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

லுக்தா வீட்டைப் பூட்டிவிட்டேன். மாரெத் பிடிவாதம். ஆம்புலன்ஸ் வராத இடத்தில் இன்னொரு குளிர்காலம் விடமாட்டேன் என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. லாரியைச் சரளைக்காரன் ஒருவன் வாங்கிப் போனான். பனி தள்ளும் தகடு அவனுக்கு வேண்டாமாம். கொட்டகையில் கிடக்கிறது.

இங்கே மூன்றாவது மாடி. ஜன்னலில் துறைமுகம் தெரிகிறது. நடைபாதைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். பனி விழுந்ததும் உருகிவிடுமாம். எனக்கு இங்கே என்ன வேலை என்று நீயே பார்த்துக்கொள்.

உனக்குக் கோபமிருந்தால் எழுது. இப்போது பதில் போடுவேன்.

இஸ்ஸாத்

ஸ்கைதி
7 டிசம்பர் 2003

அண்ணா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்துபோயிருக்கின்றன. நான் போகாதே என்று எழுதும்போது நீ போய்விட்டாய். இரண்டு தலைநகரையும் சுற்றி வந்தால் வேறென்ன ஆகும்?

டெண்டர் எனக்கே விழுந்தது. நான் சொன்ன விலைக்கு வேறு எவனும் வரவில்லை, வந்தால் பைத்தியக்காரன். பழைய லாரி ஒன்று வாங்கினேன். கொட்டகையிலிருந்த உன் தகட்டைத் தொய்வோ கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். மாரெத்திடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தோம். ஓட்டுவதற்கு ஆள் வைத்தால் கட்டாது. நானே ஓட்டுகிறேன். ஊரில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு என் கடையில்தானே பெட்ரோல் போட வேண்டும்.

போன வியாழக்கிழமை காற்று. மலை உச்சியில் எங்கள் வட்டமும் தெரியவில்லை, கொடிப் பலகையும் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கிற வரியை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். தகட்டை இறக்கி மதிலுக்குள் விட்டேன். மூன்றாவது தள்ளலில் அந்தப் பக்கம் வந்துவிட்டேன். என் வண்டியிலும் வைத்திருக்கிற பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரியட்டும், எங்கே நின்றேன் என்று அதுவும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் ஏரியைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, உன் வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். அங்கேதான் வண்டியைத் திருப்பினேன். உன் ஊர்க்காரர்கள் மூன்று பேர் காரை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே கடைக்கு வந்தார்கள். சர்க்கரை வாங்கினார்கள், காபி வாங்கினார்கள், “இஸ்ஸாத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டார்கள். எழுதிவிடுகிறேன் என்றேன்.

திருப்புவதற்கு முன்னால் ப்ளாஸ்கில் இருந்த காபியை உன் படியில் உட்கார்ந்து குடித்தேன். இத்தனை வருஷம் நீ என் வாசலுக்கு வந்து குடித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். உனக்குக் கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வழி போட்டுவிட்டேன் அண்ணா. ஆள் இல்லாத வீட்டுக்குப் போட்டிருக்கிறேன்.

ரவ்னா

கடற்கரை டவுன்
21 டிசம்பர் 2003

ரவ்னாவுக்கு,

உன் கடிதத்தை மாரெத்திடம் கொடுக்கவில்லை. நானே இரண்டு தடவை படித்தேன்.

திருப்பும்போது கொட்டகையின் இடப்பக்க மூலையில் ஒட்டாதே. பனிக்கு அடியில் பெரிய கல் ஒன்று கிடக்கிறது. தகட்டை ஒரு சாண் தூக்கிக்கொண்டு, வலப்பக்கம் அகலமாக எடு. காற்று வடமேற்காக இருந்தால் முதலில் பின்னால் வந்து பிறகு திருப்பு. என்னுடைய தகடு கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், பழகிவிடும்.

என்னால் வர முடியாது. இடுப்பு ஒத்துக்கொள்ளாது, மாரெத்தும் ஒத்துக்கொள்ள மாட்டாள். முன்பே வந்திருக்க வேண்டும், என் பெயர் அட்டையை மேஜையில் வைத்த அன்றைக்கே.

படியில் உட்கார்ந்து குடிக்காதே, குளிர் ஏறும். சாவி லாரிக் கொட்டகையில், பழைய டயருக்குள். காபிப்பொடி டப்பா அடுப்புக்கு மேலே இரண்டாவது தட்டில். விறகு உள்ளேயே இருக்கிறது. வரும்போதெல்லாம் அடுப்பைப் பற்றவைத்துக் காபி போடு. புகையைப் பார்த்தால் இஸ்ஸாத் திரும்பி வந்துவிட்டான் என்று ஊரில் நினைப்பார்கள்.

நினைத்துக்கொள்ளட்டும்.

அண்ணன்